மேட்டுத் தெருவில் யாருக்கும் தாகமில்லை

எங்கள் ஊர் மேட்டுத் தெருவுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். "தாகமில்லீங்க." யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அங்கே மரியாதை. சொல்லாமல் உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்கார அம்மா உள்ளே போய்ச் சொம்பை எடுத்துவிடுவார், குடத்தில் ஒரு சொம்பு குறைந்துவிடும். சித்திரை வெயிலில் சங்கராபுரத்திலிருந்து டூவீலரில் வந்து இறங்கி, உதடு காய்ந்து நிற்கிறவர்கூடத் தாகமில்லை என்றுதான் சொல்வார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஊர் வழக்கம் இது. அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அந்தத் தெருவில்தான் இருக்கிறார்.

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம். மேற்கே கல்வராயன் மலை தெரியும். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள், இப்போதும் தைக்கிறவள். எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, தெருவில் எல்லாருடைய அளவும் தெரிந்தவள் இவள் ஒருத்திதான் என்று கிண்டல் செய்தே என்னை நிற்க வைத்தார்கள், ஜெயிக்கவும் வைத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, இந்த மாதிரி வேலைதான் இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீருக்கு விலை வைக்கிற வேலையும் இதில் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் வார்டு ஒரு சரிவு. அடியில் மூன்று தெரு, உச்சியில் மேட்டுத் தெரு. மேட்டுத் தெரு பாறை மேல் இருக்கிறது. அங்கே போர் போட்டுப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் புகைதான் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் பேரூராட்சித் தண்ணீர் வரும். கீழ்த் தெருக்களில் எந்த வீட்டுத் தெருக்குழாயிலும் திறந்து மூடுகிற திருகு கிடையாது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பைப் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதிலிருந்து காற்று புஸ்ஸென்று வரும். அந்தச் சத்தத்துக்கு ஊரே எழுந்துகொள்ளும். திருகு மாட்டினால் சத்தம் கேட்காது, சத்தம் கேட்காவிட்டால் நம் பங்கு போய்விடும் என்பது இவர்கள் நினைப்பு. ஒரு கை மறந்துபோய் மூடி வைத்தாலும், அந்த நேரத்துத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமே! அதனால் எல்லாப் பைப்பும் எப்போதும் திறந்தே இருக்கும். குடம் நிறைந்து, தொட்டி நிறைந்து, மாட்டுக்கு ஊற்றி, வாசல் தெளித்து, மிச்சம் சாக்கடைக்குப் போகும். மேட்டுத் தெருவில் அதே நேரத்தில் பைப்புக்கு அடியில் குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் நின்றிருப்பார்கள். நூல் மாதிரி வரும், சில நாள் அதுவும் வராது.

நான் உறுப்பினராகி முதல் கோடையில், மன்றக் கூட்டத்தில் குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வந்தது. ஊரில் அதைத் தண்ணி வரி என்பார்கள். செயல் அலுவலர் எழுந்து நிதானமாக விளக்கினார். வீடுகளுக்கு ஒரு கட்டணம், கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் அதைவிடக் கூட, புது இணைப்புக்கு முன்பணம். ஒரு பக்கம் மோட்டாருக்குக் கரண்டு பில், ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், வால்வு திறக்கிறவர்கள் சம்பளம். இன்னொரு பக்கம் வீடுகளிலிருந்து வருகிற தொகை. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தைத் தெருவிளக்குக்கும் ரோட்டுக்கும் வைத்த பணத்தை எடுத்துத்தான் மூடிக்கொண்டிருக்கிறோம். கட்டணம் பல வருஷமாக அப்படியே நிற்கிறது, கரண்டு பில் நிற்கவில்லை. ஒரேயடியாக ஏற்றினால் ஜனங்கள் தாங்கமாட்டார்கள், அதனால் இப்போது கொஞ்சம் ஏற்றிவிட்டு, பிறகு வருஷா வருஷம் சிறிது சிறிதாக ஏற்றலாம் என்றார்.

தொகையை நான் இங்கே எழுதவில்லை. தொகை சின்னது, கூட்டத்தில் எழுந்த சத்தம்தான் பெரிது. இயற்கை கொடுக்கிற தண்ணீருக்கு விலையா என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். அடுத்த தேர்தலில் எந்த முகத்தோடு போவது என்று இன்னொருவர் கேட்டார். எங்கள் பக்கம் இத்தனை பேர், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்று தலைவர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய காரியம் நாங்கள் பதினைந்து சொச்சம் பேர் கையைத் தூக்குவதில் இருக்கிறது என்பதை நினைத்து என் கையையே பார்த்துக்கொண்டேன். அன்று காலை வரை என் கை ஊசியில் நூல் கோத்த கை.

செய்தி எனக்கு முன்னால் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டது. அண்ணி இட்லி மாவு அரைத்து விற்கிறவர். கிரைண்டர் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மாவுக்கும் கழுவுவதற்கும் டிராக்டர் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். நான் போனதும் வழக்கம்போலத் தாகமில்லை என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏத்திக்கோங்க, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? டிராக்டர்காரருக்குக் குடுக்கறதுல அது ஒரு ஓரத்துக்குக்கூட காணாது. ஆனா வராத தண்ணிக்கு இத்தினி வருஷமா வரி கட்டிக்கினு இருக்கேன் பாரு, அதான் வவுறு எரியுது. இங்க தண்ணி ஏறாம நீ கைய தூக்கினியானா, பைப்ப வெட்டிக்கினு போவச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு மிஷினையும் வித்துடுவேன். நீயும் இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத."

அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாவை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழித்துக்கொண்டே சொன்னார். அண்ணி சொன்னால் செய்கிறவர். கிரைண்டர் போனால் அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தீர்மானம் தோற்றால் மோட்டார் நின்றுபோகும் நாள் தூரத்தில் இல்லை, ஜெயித்தால் அண்ணி வீடு எனக்கு இல்லை. வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் அன்று சீக்கிரமே தூங்கப் போய்விட்டார்.

தீர்மானத்துக்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வந்து பாருங்கள் என்று இளநிலைப் பொறியாளர் எல்லா உறுப்பினர்களையும் கூப்பிட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவரும் என்னை மேடம் என்பார், இரண்டு பேருக்கும் சிரிப்பாக இருக்கும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சப் பேர் ஒரு வேனில் மலையடிவாரத்துக்குப் போனோம். வழியெல்லாம் மக்காச்சோளம் அறுத்த கொல்லைகள். ரோட்டின் ஒரு பாதியில் கட்டையிலிருந்து சோளத்தை உதிர்த்துக் காயப் போட்டிருந்தார்கள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் நாணலும்தான். ஆற்றுக்கு நடுவில் ஒரு பெரிய உறைகிணறு, அதன் மேல் சிமெண்டு மூடி, மூடியில் இரும்புக் கதவு. பொறியாளர் கதவைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்க்கச் சொன்னார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

கீழே தண்ணீர் இருந்தது. அசையாத கறுப்புத் தண்ணீர். கண் பழகினதும்தான் தெரிந்தது, அது அசையாமல் இல்லை. கிணற்றின் சுவரைச் சுற்றிலும் ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மணலுக்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சத்தமே இல்லை. மேலே வெயிலில் மணல் காலைச் சுடுகிறது, அதற்கடியில் நாலா பக்கமிருந்தும் தண்ணீர் நடந்து வந்து கிணற்றில் இறங்குகிறது. போன மழைக்காலத்தில் மலை மேல் பெய்ததாம். பாறையிடுக்கில் இறங்கி, ஓடையாகி, ஓடை வற்றிய பிறகும் மணலுக்கடியில் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறதாம். பொறியாளர் சொல்லச் சொல்ல நான் நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். தினமும் மாடியில் துணி காயப் போடும்போது பார்க்கிற மலைதான். அது சும்மா நின்றுகொண்டிருக்கிறது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது கை தானாகக் குவியுமே, அப்படிக் குவிந்தது. மேஜையைத் தட்டிய உறுப்பினரும் என் பக்கத்தில்தான் நின்றார். அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

பிறகு மோட்டார் அறைக்குப் போனோம். அங்கே காதோடு வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. அந்த மோட்டார் தண்ணீரைத் தூக்கிப் பைப்பில் தள்ளுகிறது. பைப் கொல்லைகளுக்கு அடியில், ரோட்டுக்கு அடியில், எங்கள் ஊர்ச் சந்தைத் திடலுக்கு அடியில் வந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. மலை தண்ணீரைச் சும்மாதான் கொடுக்கிறது, வழியெல்லாம் அதைக் கூட்டிவருவதற்குத்தான் காசு. மழையின் விலை இல்லை அது, வழிச்செலவு. இது எனக்கு அந்த அறையில்தான் புரிந்தது.

திரும்பி வரும்போது வேனில் பொறியாளரிடம் அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீரைத் தள்ளப் பெரிய மோட்டார் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தொட்டி மேட்டுத் தெருவைவிட உயரத்தில்தான் இருக்கிறது, தண்ணீருக்கு அங்கே ஏறத் தெம்பு இருக்கிறது. வழியில் மூன்று தெருவும் வாயைத் திறந்து வைத்திருந்தால் அது எங்கே ஏறும்? கீழே கொஞ்ச நேரம் மூடியிருந்தால் மேலே போகும் என்றார். எப்போதாவது மூடிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நாங்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், யாரும் மூடவில்லை என்று சிரித்தார்.

ஊரில் குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர் ஒரு பாய். கட்டண உயர்வு கூடவே கூடாது என்று கடைத்தெருவில் உரக்கப் பேசினவர் அவர்தான். அவரிடம் போய்த் திருகு பற்றிக் கேட்டேன். கீழ்த் தெருக்காரர்கள் அவரிடம் நல்ல நல்ல திருகுகளாக வாங்குகிறார்களாம், எல்லாம் குளியலறைக்கும் சமையலறைக்கும். தெருக்குழாய்க்கு என்று கேட்டு ஒருவர்கூட வந்ததில்லையாம். எல்லா வீட்டுக்கும் திருகு மாட்ட எவ்வளவு நாளாகும் என்றேன். பைப் நுனியில் திருகு ஏறுவதற்கு மரையே இல்லை, பாதி துருப்பிடித்துக் கிடக்கிறது, ஒவ்வொன்றையும் வெட்டி மரை போட வேண்டும், கூட்டத்துக்குள் ஆகாது என்றார். பிறகு அவரே, ஒரு நாளைக்கு மட்டும் என்றால் எதையாவது வைத்து அடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

எதையாவது என்று யோசித்துக்கொண்டே வந்தபோதுதான் வழியில் மக்காச்சோளக் கட்டைக் குவியல் கண்ணில் பட்டது. உதிர்த்துப் போட்ட கட்டை, அடுப்பெரிக்க வைத்திருந்தார்கள். ஒரு கட்டையை எடுத்து வந்து, தைத்து மிஞ்சிய துணியைச் சுற்றி, எங்கள் வீட்டுப் பைப்பில் சொருகிப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வேலை. ஒரு சாக்கு கட்டை, ஒரு மூட்டை வெட்டுத்துணி. வீட்டுக்காரரும் உட்கார்ந்து சுற்றினார். ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சோளக்கட்டைக்கு லைனிங் தைக்கிறாள் பார் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். அடுத்த தண்ணீர் நாளன்று, மேட்டுத் தெருவில் குடம் நிறைந்ததாக நான் போன் செய்யும்வரை இதை வைத்து அடைத்திருங்கள் என்று கேட்டேன். மூடினால் தண்ணீர் திரும்ப வராதே என்று பயந்தவர்கள்தான் நிறைய. வரும், மலையிலிருந்து வந்தது இங்கே வராமல் எங்கே போகும் என்று நான் பார்த்த கிணற்றைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் எனக்கே திரும்பச் சிலிர்த்தது. அதைக் கேட்டுவிட்டுச் சிலர் கட்டையை வாங்கிக்கொண்டார்கள். சிலர் என் தொந்தரவு தாங்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும், சுற்றியிருப்பது தன்னுடைய கல்யாண ஜாக்கெட்டில் வெட்டிய துணி என்று கண்டுபிடித்து, அதை மீதி என்று நான் திருப்பித் தரவில்லையே என்று சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் நாள் வந்தது. இருட்டு பிரிகிற நேரத்தில் மேட்டுத் தெருவுக்கு ஏறினேன். ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மூன்று தெருவிலும் வாசலுக்கு வாசல் ஆட்கள் குனிந்து நின்றார்கள். பைப் நுனியில் சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், எல்லாம் நான் வெட்டிய துணிகள். எங்கள் ஊரை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

அண்ணி வாசலில் குடத்தை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காற்று வந்தது. நூல் மாதிரித் தண்ணீர் வந்தது, நின்றது. கீழே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து ஒருவர் லுங்கியை நனைத்துவிட்டதாம், அவர் உள்ளங்கையால் பைப்பை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு ஒரே நினைப்புதான். ஒரு வீடு திறந்தால் போதும், பார்த்துவிட்டு அடுத்த வீடும் திறக்கும். அண்ணியின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு பைப் இருமியது. ஒரு முறை, இரண்டு முறை. துருத்தண்ணீர் கொஞ்சம் துப்பியது. அதற்குப் பிறகு வந்ததே தண்ணீர்! பைப்பின் வாய் நிறைய, குடத்தின் அடியில் ணங்கென்று விழுந்தது. தெரு முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. மேற்கே மலை மேல் அப்போதுதான் வெளிச்சம் பட ஆரம்பித்திருந்தது. மணலுக்கடியில் சத்தமில்லாமல் நடந்து வந்த தண்ணீர் இந்த மேட்டில் ஏறிச் சத்தம் போடுகிறது. அதை இங்கே ஏற்றிவிட்டது மோட்டார் மட்டுமில்லை, கீழே குனிந்து நிற்கிற அத்தனை கைகளும்தான் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி குடத்தை நிரப்பினார், அண்டாவை நிரப்பினார், மாவுக்கு வைத்திருந்த பெரிய பாத்திரத்தையும் நிரப்பினார். இன்னும் இரண்டு குடம் காலியாக நின்றது. அவர் அதைத் தொடவில்லை. என் கைப்பையிலிருந்து ஒரு சோளக்கட்டையைத் தானே எடுத்து, ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் அழுத்திச் சொருகினார். முழங்கை வரைக்கும் நனைந்தது.

"ரெண்டு குடம் பாக்கி இருக்குதே அண்ணி" என்றேன்.

"கீழ புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்காங்க இல்ல, போன் போடு" என்றார்.

வருஷக்கணக்காக வாய் நிறையத் தண்ணீர் பார்க்காத பைப்பை, வந்த அன்றே மூடிய கை அது. பக்கத்து வீட்டில் பார்த்தார்கள், அவர்களும் என்னிடம் கட்டையை வாங்கி மூடினார்கள். தெரு முழுக்க ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. கீழே நின்றிருந்த வீட்டுக்காரருக்கு நான் போன் போட்டேன். போனை வாங்கி அண்ணிதான் பேசினார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில், எல்லாத் தெருக்குழாய்க்கும் திருகு கட்டாயம், மேட்டுத் தெரு பிடித்த பிறகே கீழே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். பொறியாளர் நடந்ததைச் சொன்னார். வேனில் வந்த உறுப்பினர்கள் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். மேஜையைத் தட்டியவர் மட்டும் அன்றும் தட்டினார், ஆனால் மெதுவாக. தலைவர் கையை உயர்த்தச் சொன்னபோது என் கை எழுந்தது. என் வீட்டுக்கும் சேர்த்து, அண்ணி வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கை கட்டணத்தை ஏற்றியது. தீர்மானம் நிறைவேறியது. பாய் கடையில் திருகு தீர்ந்துபோய்க் கள்ளக்குறிச்சியிலிருந்து வரவழைத்தார். வருஷா வருஷம் ஏறுவதால் இப்போதும் திட்டுகிறார்கள், கட்டவும் கட்டுகிறார்கள்.

கட்டணம் ஏறிய முதல் ரசீது வந்த வாரம் நான் மேட்டுத் தெருவுக்குப் போனேன். என்ன சொல்வாரோ என்று வழியெல்லாம் யோசனை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போது பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "தாகமில்ல அண்ணி."

அவர் உள்ளே போனார். சொம்பு நிறையத் தண்ணீர், விளிம்பில் தளும்பக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"வரிய ஏத்தினது நீதான? குடி."

நின்றபடியே முழுச் சொம்பையும் குடித்தேன். அவ்வளவு தாகம் எனக்கு இருந்திருக்கிறது. அண்ணி சொம்பை வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.